இணை எண் 3106

வேலையை விட்ட பிறகும் ஐந்து வருடம் வாய் திறக்கக் கூடாது என்று சேரும்போது கையெழுத்து வாங்கிய காகிதத்தில் இருந்தது. போன வாரத்தோடு ஐந்து வருடம் முடிந்தது. நான் கேட்ட குரல்களின் வார்த்தைகளை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்.

பெரிய கம்பெனி. நான் அதன் ஆள் இல்லை. அதற்கு ஆள் அனுப்பும் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மூன்றாவது கம்பெனியின் ஆள். கழுத்தில் பச்சைக் கயிறு. அவர்களுடைய சொந்த ஆட்களுக்கு நீலக் கயிறு. நீலம் முன்வாசல் வழியாகப் போகும். நாங்கள் சரக்கு இறக்கும் பக்கம்.

நான்காவது மாடியில் ஜன்னல் இல்லாத அறை. முப்பது மேசை. வாசலில் பூட்டுப் பெட்டிகள். போன், பேனா, காகிதம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அதில் வைத்துவிட வேண்டும். உள்ளே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினால் ஒரு குரல் வரும். ஆறு விநாடி. யாருடையது, எங்கிருந்து, எப்போது பதிவானது, எதுவும் தெரியாது. அந்தக் குரலில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பன்னிரண்டு பொத்தான்கள். சாதாரணம், கோபம், பயம், கேலி, சலிப்பு, அழுகை, இப்படி. ஒரு நாளைக்கு எண்ணூறு குரல். எங்களைப் பார்த்து எந்திரம் கற்றுக்கொள்கிறது என்றார்கள். கற்று என்ன செய்யும் என்று சொல்லவில்லை.

ஒவ்வொரு துண்டும் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் போகும். மற்றவர் யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, தெரியாது. எண் மட்டும் உண்டு. என் இணை 3106. இருவரும் ஒரே துண்டில் இருந்தால் திரையின் மூலையில் வெள்ளைப் புள்ளி ஒன்று எரியும். ஒருவர் அடுத்ததற்குப் போனால் அணையும். இருவரும் அமுக்கியதும் முடிவு வரும். ஒத்துப்போனால் பச்சைக் கோடு. இல்லையென்றால் சிவப்பு.

சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு குரல் வந்தது. ஒரு ஆள், "சரி, வெச்சுடறேன்" என்றார். அவ்வளவுதான். குரல் நடுங்கவில்லை. மூக்கை உறிஞ்சவில்லை. நான் "அழுகை" அமுக்கினேன். சிவப்பு வரும் என்று தெரியும்.

பச்சை வந்தது.

ஹெட்போனைக் கழற்றி அறையைப் பார்த்தேன். இருபத்தொன்பது முதுகுகள். இவர்களில் யாரும் இல்லை. எங்கள் அறையின் எண்கள் இரண்டாயிரத்தில் தொடங்கும். இந்த உலகத்தில் எங்கோ ஒருவர், அதே நொடியில், அந்த ஆள் போனை வைத்த பிறகு என்ன செய்யப்போகிறார் என்பதை அந்தக் குரலிலேயே கேட்டிருக்கிறார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு பர்சன்ட் என்னைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டான். எங்கள் டீம் லீட். எதையும் சதவீதத்தில்தான் பேசுவான். அதனால் அந்தப் பெயர். அவன் கழுத்திலும் பச்சைக் கயிறுதான். பாராட்டப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, இணையோட ஒத்துப்போறதுல உங்க எண் தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு."

"நல்லதுதானே?"

"மத்தவங்க எண்பது, எண்பத்தஞ்சு. தொண்ணூறே யாரும் தாண்டினதில்ல." கதவைப் பார்த்துக்கொண்டான். "யாரு அது, 3106?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. மேல என்ன நினைக்கறாங்கன்னா, நீங்க ரெண்டு பேரும் வெளிய பேசி வெச்சுக்கறீங்க. அது ரகசியத்தை மீறின மாதிரி."

"உள்ள வரும்போது நகத்தைத் தவிர எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கறீங்க. நான் எதை வெச்சுப் பேசறது?"

"நீங்க பேசலைன்னு எனக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியலையே." அவன் குரலில் பயம் இருந்தது. யோசிக்காமல் அமுக்கியிருப்பேன். "மாசக் கடைசி மூணு நாள் எண்ணைப் பாப்பாங்க. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வரணும். வரலைன்னா உங்க கான்ட்ராக்டை நீட்டிக்க மாட்டாங்க."

"நான் என்ன பண்ணணும்?"

"கொஞ்சம் சாதாரணமா இருங்க அக்கா."

வீட்டில் அத்தை கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். என் கணவரின் அம்மா. வலது கண்ணுக்குப் புரை எடுத்தாகிவிட்டது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி. இரண்டும் என் வேலையோடு வந்த ஆஸ்பத்திரி அட்டையில். கான்ட்ராக்ட் முடிந்தால் அட்டையும் முடியும். வலது கண்ணுக்கு இப்போது எல்லாம் பளிச்சென்று இருப்பதால், இடது கண் மங்கலாகப் பார்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி, மூஞ்சி தொங்குது? ஆபீஸ்ல திட்டா?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்குத்தான் காதுல மாட்டிக்கிட்டு எட்டு மணி நேரம் உக்காந்திருக்கியா? எதிர்வீட்டுக்காரி கேக்கறா, உங்க மருமக என்ன வேலைன்னு. நான் மிலிட்டரின்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு அத்தை?"

"போலீஸ்னு சொன்னா வாசல்ல வந்து நின்னுடுவா, அவ பையனை யாரோ அடிச்சுட்டான்னு."

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், "லிஃப்ட்ல மாட்டினவங்களை வெளிய எடுக்கறதுதான் என் வேலை. உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தையை எடுக்க முடியல."

"மாட்டிக்கிட்டேனா இல்லையான்னே எனக்குத் தெரியல" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேலே கேட்கவில்லை. காகிதத்தில் கணவன், மனைவியிடமும் சொல்லக் கூடாது என்று தனியாக ஒரு வரி இருப்பது அவருக்கும் தெரியும். நான் கையெழுத்துப் போட்ட அன்று அந்த ஒரு வரியைத்தான் அவருக்குக் காட்டினேன்.

"இன்னொரு கண்ணுக்குப் பயமா இருக்கா?" என்று அத்தையைக் கேட்டேன்.

"எனக்கென்ன பயம்?"

பயம். பச்சைக் கோடு.

மாதக் கடைசியின் முதல் நாள் பொய் சொல்வது என்று முடிவு செய்தேன். பொய் சொல்லத்தான் வரவில்லை. அழுகையைத் தொட மனம் வரவில்லை. பயத்தையும். மாற்றி அமுக்கினாலும் யாருக்கும் வலிக்காத துண்டாகத் தேடினேன். பத்தரை மணிவாக்கில் ஒன்று வந்தது. ஒரு பெண், "கதவைப் பூட்டியாச்சா?" வெறும் சாதாரணம். நான் "சலிப்பு" அமுக்கினேன்.

வெள்ளைப் புள்ளி வழக்கத்தைவிட நேரம் எரிந்தது. 3106 யோசிக்கிறார்.

பச்சை.

திரையைத் தொட்டுப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை. கொஞ்சம் சூடாக இருந்தது.

அடுத்த பொய் ஒரு மணி நேரம் கழித்து. மருந்துக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஒரு ஆள் கேட்டார். "கேலி" அமுக்கினேன். பச்சை. அன்று பதினோரு பொய் சொன்னேன். பதினொன்றும் பச்சை.

அங்கேயும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயும் ஒரு தேதி இருக்கிறது, ஒரு கண்ணோ காலோ இருக்கிறது. அவரும் யாருக்கும் வலிக்காத துண்டாகத் தேடியிருக்கிறார். அழுகையைத் தொடவில்லை. எண்ணூறில் நான் எடுத்த அதே பதினொன்றை எடுத்து, நான் சொன்ன அதே பொய்யைச் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் பர்சன்ட் மேசை அருகே வந்து குனிந்தான். "தொண்ணூத்தெட்டு புள்ளி ஒன்பது. ஏறியிருக்கு அக்கா. என்ன பண்றீங்க நீங்க?"

"பொய் சொல்றேன்."

அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கை கழுவும் இடத்தில் ஸ்வெட்டர்க்கா நின்றிருந்தார். என் பக்கத்து மேசை. ஏசி குளிருக்காக வருடம் முழுக்க ஸ்வெட்டர். எங்கள் அறையில் நான்கு வருடம் தாக்குப்பிடித்த ஒரே ஆள்.

"பர்சன்ட் உன்னையே சுத்தறான். எண் ஜாஸ்தியா?"

தலையாட்டினேன். அதுவே சொல்லக் கூடாததுதான்.

"மத்தியானத்துல சவுண்டை அணைச்சுடு. கை போன இடத்துல அமுக்கு. நான் தினமும் ஒரு மணி நேரம் அப்படித்தான். எனக்கு எண்பத்திரெண்டு. ஒருத்தன் ஒரு கேள்வி கேட்டதில்ல."

"அப்ப அந்தக் குரல்லாம்?"

"அதுங்க பேசிட்டுப் போயாச்சு. நீ கேட்டா என்ன, கேக்காட்டி என்ன?" கையைத் துடைத்துக்கொண்டார். "ரொம்பக் கேக்காதே. கேட்டவ யாரும் இங்க ரெண்டு வருஷம் இருந்ததில்ல."

இரண்டு மணிக்கு ஒலியை அணைத்தேன். காதில் ஹெட்போன் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. திரையில் அலைக்கோடு மட்டும் ஓடியது. குதித்தது, படுத்தது, மறுபடி குதித்தது. யாரோ எதையோ சொல்கிறார்கள். கை போன இடத்தில் அமுக்கினேன். சிவப்பு. சிவப்பு. ஒரு பச்சை, தற்செயல். சிவப்பு. முதல் பத்து நிமிடம் 3106-க்காக வருத்தப்பட்டேன். அவர் திரையிலும் இதே சிவப்புதான் வரும். இணை போய்விட்டது என்று நினைப்பார். பிறகு அத்தையின் கண்ணை நினைத்துக்கொண்டு அமுக்கினேன். இரண்டு மணி நேரம்.

நாலு மணிக்கு ஒலியைத் திறந்தேன். ஒரு கிழவர், "வந்துட்டியா!" மகிழ்ச்சி. யாரும் தவற விட முடியாத மகிழ்ச்சி. அமுக்கினேன்.

சிவப்பு.

அடுத்தது ஒரு குழந்தை. ஓவென்று அழுகிறது. அழுகை. சிவப்பு. ஒரு பெண் கத்துகிறாள், கோபம். சிவப்பு. தொடர்ந்து ஏழு சிவப்பு. எட்டாவது குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் விளங்கியது. அங்கேயும் ஒலி அணைந்திருக்கிறது. அதே மத்தியானம். அங்கேயும் யாரோ ஒரு ஸ்வெட்டர்க்கா சொல்லியிருப்பார்.

எட்டாவது ஒரு பையன். "நான் ஒண்ணும் பண்ணலையே" என்றான். வார்த்தையில் பயம் இருந்தது. ஆனால் வாயோரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். வாயோரத்தைப் பார்க்க முடியாது. கேட்டது. "சிரிப்பு" அமுக்கினேன்.

பச்சை.

அதன் பிறகு அன்று ஒரு சிவப்பும் இல்லை.

மூன்றாம் நாள் நாலரை மணிக்கு பர்சன்ட் வந்தான். முகம் தெளிந்திருந்தது. "எண்பத்தேழு புள்ளி ஒண்ணு. இப்பத்தான் மனுஷங்க எண் மாதிரி இருக்கு. ஒரு வருஷம் நீட்டிச்சாச்சு."

"3106-க்கு?"

"அக்கா."

"சரி, கேக்கல."

"நாளைலேர்ந்து உங்களுக்கு வேற எண். மேல சொல்லிட்டாங்க. சேர்ந்தே இருந்தா மறுபடி ஏறும்னு பயம்."

ஒன்பதாம் தேதி அத்தைக்கு இடது கண்ணும் முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் இரண்டு கண்ணாலும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு நரைச்சிருக்கே. சொல்லவே இல்லையேடி."

"அதுவும் ரகசியம்தான் அத்தை."

புது இணையோடு என் எண் எண்பத்தொன்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்னும் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு விட்டுவிட்டேன்.

நான் சொல்ல வந்தது அந்த மூன்றாம் நாள் சாயங்காலத்தை. பர்சன்ட் போன பிறகு அரை மணி நேரம் மிச்சம் இருந்தது. 3106-க்கு எதுவும் எழுத முடியாது. எழுத இடமே கிடையாது. பன்னிரண்டு பொத்தான்தான். அவருக்கும் செய்தி சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை. எப்போதும்போல அமுக்கினேன். பச்சை, பச்சை, பச்சை.

ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கடைசித் துண்டு வந்தது. வார்த்தையே இல்லை. ஒரு ஆள், பெண்ணாகவும் இருக்கலாம், எதையோ சொல்ல மூச்சை இழுக்கிறார். சொல்லவில்லை. ஆறு விநாடி முடிந்தது. விதிப்படி அதற்கு "குரல் இல்லை" என்ற பொத்தான். பன்னிரண்டாவது. நான் இன்னொரு முறை கேட்டேன். "வெட்கம்" அமுக்கினேன்.

பச்சை.

அடுத்ததற்குப் போகவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன். சும்மா இருந்தால் இரண்டு நிமிடத்தில் திரை தானாக மூடிக்கொள்ளும். ஸ்வெட்டர்க்கா எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினார். மற்றவர்கள் பூட்டுப் பெட்டிகளிடம் போனார்கள். சாவிச் சத்தம் கேட்டது.

மூலையில் வெள்ளைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவரும் போகவில்லை.

மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். அறுபது வந்தது. தொண்ணூறு வந்தது. புள்ளி அசையவில்லை. நூற்றிருபதில் திரை மூடிக்கொண்டது.