உங்கள் கதையா, எங்கள் கதையா

அந்த விடுமுறை மூன்றாவது வருஷமாக நீண்டுகொண்டே போனது.

நாற்பத்தொன்று டிசம்பரில் லீவு விட்டபோது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு சரித்திரக் கதைப் புத்தகம் படிக்க வேண்டும், எந்தப் பாஷையானாலும் சரி. யார், எங்கே, என்ன நடந்தது என்று பத்துப் பக்கம் எழுதி ஜனவரியில் கொண்டுவர வேண்டும். ஜனவரிக்கு முன்னால் பினாங்கில் குண்டு விழுந்தது. இப்போது அந்தப் பள்ளியில் ஜப்பான்காரனின் சிப்பாய்கள் குடியிருக்கிறார்கள். யோகலட்சுமிக்கு அதெல்லாம் ஒரு சாக்கா? கொடுத்த வேலை கொடுத்த வேலைதான். வீட்டில் இருந்த புத்தகம், பக்கத்து வீட்டில் இருந்த புத்தகம் எல்லாவற்றையும் படித்து, இரண்டு கொப்பி முடித்து, மூன்றாவது கொப்பி எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளி திறந்தால் டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது என்று பதினாலு வயதிலும் கவலைப்படுகிற பிள்ளை அது.

இந்தக் கடைசிப் புத்தகம் கடலை மடிக்கிற காகிதக் கட்டிலிருந்து வந்தது. கடலைக்கார முகம்மது கனி கிழிக்கப் போனதை நவமணி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அட்டை இல்லை, பெயர் தெரியாது. நல்லூர் ராஜாவைப் பறங்கிகள் வளைத்துக்கொள்கிறார்கள், உதவிக்குத் தஞ்சாவூரிலிருந்து கப்பல் வர வேண்டும், இதுதான் கதை. நவமணி அடுத்த வீட்டுப் பெண், பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. இருவரும் ஒரே சமயத்தில் படிக்க வேண்டுமென்று தையலைப் பிரித்துப் புத்தகத்தை மூன்று பாகமாக்கினார்கள். கையில் ஒரு பாகத்தைச் சுருட்டிக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவதுதான் அவர்களுக்குப் பொழுது.

மூன்றாவது பாகம் மட்டும் யோகத்தின் அப்பாவிடம் மாட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஏரம்பமூர்த்தி துறைமுக ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. மாலையில் வந்ததும் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அங்கே கரி மூட்டைக்குப் பின்னால் ஒரு ரேடியோ இருந்தது. எல்லார் ரேடியோவையும் ஜப்பான்காரன் வாங்கி, தூரத்து நிலையம் கேட்காதபடி வெட்டிவிட்டுக் கொடுத்திருந்தான். இது கொடுக்காத ரேடியோ. பிடித்தால் தலை போகும். அம்மா வள்ளிநாயகிக்கும் யோகத்துக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அது சூடேறுகிற வரையில் சும்மா இருப்பானேன் என்று, மகளின் கதையை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார் மனுஷர்.

"அப்பா சாமான் அறைக்குள்ள இருந்து வாசிக்கிறார், தரமாட்டாராம்," என்று யோகம் நவமணியிடம் குறைப்பட்டுக்கொண்டாள். ரேடியோவைப் பற்றி மூச்சு விடவில்லை. அதுவே போதும் என்று நினைத்தாள், பைத்தியக்காரப் பிள்ளை.

வினை அரிசி வரிசையில் வந்தது. ரேஷன் அட்டையைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றபோது நவமணி கேட்டாள்:

"கப்பல் எப்பதான் வரும்?"

"வெள்ளிக்கிழமை வருமெண்டு கதைக்கினம். வந்தவுடனை கோட்டையில விளக்குக் காட்டுவினம். உள்ளுக்கை இருக்கிற ஆள் கதவைத் திறந்து விடுவான்."

"காட்டிக் குடுத்துட்டா?"

"குடுக்கமாட்டான். அவன் எங்கட ஆள்."

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்! நாற்பத்துநான்கு ஜூலை மாதம். பினாங்கு. கடலோரத்தில் நிஜமாகவே ஒரு கோட்டை. எந்த நேரமும் இங்கிலீஷ்காரன் கப்பல் வரும் என்று ஜப்பான்காரன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற காலம். வரிசையில் இவர்களுக்குப் பின்னால் நின்ற ஒருவன் அரிசி வாங்காமலே போய்விட்டான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். கெம்பெத்தாய் என்கிற ராணுவப் போலீஸ் அதிகாரி ஒருவன், துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், மொழிபெயர்க்க ராமதாஸ். ராமதாஸ் முன்பு ஏரம்பமூர்த்தியின் ஆபீஸில் பியூனாக இருந்தவன். யாழ்ப்பாணத்துக் கிராணிகளுக்கு எட்டு வருஷம் தேத்தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அவர்கள் அவன் பேச்சைக் கேலி செய்ய, அவன் அவர்கள் பேச்சைக் கேலி செய்ய, காலம் ஓடியது. போன வருஷம் வெள்ளைக்காரனை விரட்டக் கிளம்பிய இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்த தன் தம்பி சந்திரசேகரனைப் பட்டர்வொர்த் ஸ்டேஷனில் மாலை போட்டு, பர்மா யுத்தத்துக்கு ரயிலேற்றி விட்டவனும் அவன்தான்.

எல்லாரும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்கள். நவமணியும் அப்போது அங்கேதான் இருந்தாள். ஏரம்பமூர்த்தி ஆபீஸுக்குப் போயிருந்தார்.

"அரிசி லைன்ல கப்பலைப் பத்திப் பேசினது யாரு?" என்றான் ராமதாஸ்.

யோகம் ஓடிப்போய் இரண்டாம் பாகத்தையும் கொப்பியையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"அது கதை அண்ணை. சும்மா கதை."

சொன்ன பிறகுதான் ராமதாஸின் முகம் மாறுவதைக் கண்டாள். யாழ்ப்பாணத்தார் வாயில் கதை என்றால் பேச்சு. ஆள் ஆளுக்குப் பேசிக்கொள்வது, ஊரில் அடிபடுவது, எல்லாமே கதைதான். கப்பல் வருகிறது என்று ஊரில் கதை என்றால் அது வதந்தி. வதந்தி பரப்பினவனைக் கொண்டுபோன இடம் எல்லாருக்கும் தெரியும். அதிகாரி அவசரப்பட்டு ராமதாஸிடம் என்னவோ கேட்டான். ராமதாஸ் யோகத்தைப் பார்த்தான்.

"உங்க கதையா, எங்க கதையா?"

பிழைத்தோம் என்று அவளுக்கு உயிர் வந்தது.

"உங்கட கதை அண்ணை! எழுதின கதை. அச்சடிச்ச கதை. முந்நூறு வருஷத்துக்கு முந்தி நடந்தது. பாருங்கோ, பத்துப் பக்கம் எழுதி வைச்சிருக்கிறன்."

"எதிரி யாரு?"

"பறங்கி. வெள்ளைக்காரன்."

ராமதாஸ் ஜப்பான் பாஷையில் சொன்னான். அதிகாரி கொப்பியைப் புரட்டினான், கோடு போட்ட தாளில் குண்டு குண்டான எழுத்தைப் பார்த்தான், வெள்ளைக்காரன் என்றதைக் கேட்டுச் சிரித்தே விட்டான். அத்தோடு போய்த் தொலைந்திருக்கலாம் பாவி. போகாமல் இன்னொன்று கேட்டான்.

"கப்பல் வந்துச்சா இல்லையான்னு கேக்குறாரு," என்றான் ராமதாஸ்.

"தெரியாது. மூண்டாம் பாகம் இன்னும் வாசிக்கேல்லை."

"எங்க அது?"

யோகம் அம்மாவைப் பார்த்தாள். வள்ளிநாயகி தரையைப் பார்த்தபடி நின்றார். தோழி திணறுகிறாளே, உதவ வேண்டாமா என்று நவமணிக்குப் பொறுக்கவில்லை.

"அட, உங்கப்பாகிட்டதானே இருக்கு! சாமான் ரூம்ல ஒக்காந்து படிக்கிறாருன்னு நீதானே சொன்னே. இருங்க, நான் எடுத்துட்டு வர்றேன்லா!"

அதிகாரி அவளைக் கையைக் காட்டி நிறுத்தினான். ராமதாஸைப் பார்த்துத் தலையை அசைத்தான். ராமதாஸ் போனான்.

கரி மூட்டை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. என்னால்தான், என் வாயால்தான் என்று யோகம் தன்னையே நொந்துகொண்டாள். அப்பா இப்போது மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார், அவருக்கு ஒன்றும் தெரியாது.

ராமதாஸ் வெளியே வந்தான். சட்டைக் கையில் கரி. கையில் காகிதச் சுருள் மட்டும். கடைசிப் பக்கத்தைப் பார்த்து ஜப்பான் பாஷையில் ஏதோ சொன்னான். அதிகாரி "ம்" என்றான், சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான். சிப்பாயும் போனான்.

கொப்பியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் ராமதாஸ் பின்தங்கினான். கொப்பிக்குள் எதுவோ உருண்டது. யோகம் திறந்து பார்த்தாள். ரேடியோவின் கறுப்புத் திருகு, நிலையம் மாற்றுகிற குமிழ்.

"கிராணி ஐயா வந்தா சொல்லு. நாளைக்கு வந்து நான் கதைக்கணும்."

யாழ்ப்பாணத்தார் மாதிரியே சொன்னான். ஆனால் இந்த முறை கேலி இல்லை.

"பர்மாவில என்ன கதைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். தம்பிகிட்டேருந்து மூணு மாசமா கடுதாசி இல்ல."

ஏரம்பமூர்த்தி ஐந்து மணிக்கு வந்தார். திருகைக் கையில் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகள் எல்லாவற்றையும் சொன்னாள், அரிசி வரிசையிலிருந்து ஒன்று விடாமல். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"காட்டிக் குடுக்கேல்லைத்தானே," என்றார் வள்ளிநாயகி. "தம்பி சுகமாயிருக்கிறான் எண்டு சொல்லிவிடுங்கோவன்."

"சொன்னால் நாளையிண்டைக்கும் வருவான். ஒவ்வொரு நாளும் வருவான்."

"அப்ப உண்மையைச் சொல்லுங்கோ."

உண்மை அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். போன வாரம் ரேடியோவில் கேட்டதுதான். இம்பாலிலிருந்து அந்தத் தம்பி போன பட்டாளம் திரும்பி ஓடுகிறது, மழை, சாப்பாடு இல்லை, நடந்து வருகிறவர்கள் வழி முழுக்கச் செத்துக் கிடக்கிறார்கள். ஊர்ப் பத்திரிகையில் இன்னும் வெற்றி வெற்றி என்றுதான் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"அப்பா, கப்பல் வந்ததோ?" என்று யோகம் கேட்டாள். ஏன் அப்போது கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வந்தது பிள்ளை. பிந்தி வந்தது."

வாசலில் சைக்கிளைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நாளைக்கு என்றவன் இன்றைக்கே வந்துவிட்டான். தனியாக வந்திருந்தான். அதே கரி படிந்த சட்டை. படியில் நின்று "கிராணி ஐயா" என்று கூப்பிட்டான்.

பொய் சொல்லவும் ஏரம்பமூர்த்தியால் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. திருகை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உள்ளுக்கை வா தம்பி. நான் கதைக்க ஒண்டுமில்லை. நீயே கேள்."

இருவரும் சாமான் அறைக்குள் போனார்கள். கதவு மூடியது. ரேடியோ சூடேறுகிற உறுமல், பிறகு விசில், பிறகு யாரோ தூரத்தில் தமிழில் செய்தி வாசிப்பது மெல்லக் கேட்டது. யோகமும் அம்மாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

செய்தி முடிவதற்குள் ஓலம் வந்தது. ஒரு ஆம்பிளை இப்படி வாய்விட்டு அழுது யோகம் கேட்டதில்லை. "சேகரா, சேகரா, நான்தாண்டா உன்னை அனுப்பினேன்" என்று வீடே அதிரக் கத்தினான். "சத்தம் போடாதை தம்பி, உன்னைக் கும்பிடுறன், சத்தம் போடாதை" என்று அப்பா கெஞ்சினார். வள்ளிநாயகி ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினார். யோகம் வாசல் கதவைச் சாத்தப் போனாள்.

தெருவில் போனவர்கள் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.