கல்யாணம் ஆகாத வரை

தம்பி வீட்டுச் சமையலறைக் கதவைத் திறந்ததும் தெக்லாவின் கண்ணில் பட்டவை தங்க விளிம்பு போட்ட கோப்பைகள்தான். பாதிரியார் வந்தால் அவற்றை எடுப்பார்கள், கால்நடை மருத்துவர் வந்தால் எடுப்பார்கள். அவற்றைக் கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்குவது இருபத்தெட்டு வருஷமாக அவள் வேலை. ஒரு நாளும் அவற்றில் அவளுக்கு யாரும் காப்பி ஊற்றியது கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக் காப்பிக்கு அவளைக் கூப்பிட்டு, அவள் இடத்திலும் ஒன்று வைத்திருந்தார்கள்.

தம்பி மனைவி ரோஸ்விதா ஓடி வந்து அவளுடைய கோட்டைத் தானே வாங்கி மாட்டினாள். அதுவும் புதுசு. தம்பி கிளெமென்ஸ் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால், போன வருஷம் வரை கோதுமை விளைந்த வயலில், மஞ்சள் நிறப் பாரந்தூக்கி நின்றது. பக்கத்துப் பொழுதுபோக்குப் பூங்காவின் மலிவுக் கட்டண விடுதி அங்கே வளர்ந்துகொண்டிருந்தது. செங்கல் செங்கலாக வளரவில்லை. கட்டில், குளியலறை, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் பொருத்தி, பிளாஸ்டிக் சுற்றி, முழு முழு அறைகளாக லாரியில் வந்தன. பாரந்தூக்கி அவற்றை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போனது. மூன்றே வாரத்தில் நாலு மாடி ஏறிவிட்டது.

மூலை நாற்காலியிலிருந்து ஒருவர் தயங்கியபடி எழுந்தார். தலை நரைத்திருந்தது, தோள் கொஞ்சம் சரிந்திருந்தது. ஆனாலும் அந்த விடைத்த காதுகளை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வாள்.

"எப்படி இருக்கே தெக்லா?" என்றார் லூட்கர்.

எப்படி இருப்பாளாம்? அவளுக்கு இருபத்தைந்து வயதானபோது இதே லூட்கர் இதே சமையலறைக்குப் பெண் கேட்டு வந்தார். அப்பா உட்காரக்கூடச் சொல்லவில்லை. கூலிக்காரன் மகன், சொந்தமாக ஒரு முழம் மண் இல்லாதவன், பண்ணை வீட்டு வாசலில் என்ன வேலை என்று கேட்டு அனுப்பினார். அப்போது இருபது வயதுப் பையனான கிளெமென்ஸ் வாசல்வரை பின்னாலேயே போய்ச் சிரித்தான். அந்த வாரம்தான் பண்ணை முழுவதும் அவன் பேருக்கு எழுதப்பட்டது. அந்த வட்டாரத்தில் பண்ணையைப் பங்கு போடமாட்டார்கள். ஒரு பிள்ளைக்கு மொத்தமாகப் போகும், அதுவும் ஆண்பிள்ளைக்கு. மூத்தவளானால் என்ன, பன்றிகளுக்குத் தீனி கலக்கவும் படுத்த படுக்கையான அம்மாவைப் புரட்டிப் போடவும் ஒரு கை வேண்டாமா? தெக்லா அந்தக் கை ஆனாள். சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. வீட்டுப் பெண்ணுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?

இரண்டு வருஷத்துக்கு முன் மனைவியை இழந்த லூட்கர், இப்போது அந்த விடுதியில்தான் குழாய் வேலை பார்த்தார். அடுக்கிய அறைகளுக்குத் தண்ணீர் இணைப்புக் கொடுப்பது அவர் பொறுப்பு. கிளெமென்ஸ் அவரைக் கட்டுமான இடத்தில் பார்த்தானாம், பழசெல்லாம் மறந்துவிடலாம் என்றானாம், காப்பிக்குக் கூப்பிட்டானாம். ரோஸ்விதா லூட்கரின் தட்டில் இரண்டாவது துண்டு பிளம் கேக்கை வைத்தாள். தெக்லா காப்பியைக் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

இந்தக் குடும்பத்தில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசி நாலு மாதம் ஆகியிருந்தது. கோடையில் பூங்காக்காரர்கள் இரண்டாவது விடுதிக்கும் இடம் கேட்டார்கள். அவர்கள் கை வைத்த இடம் பழத்தோட்டம். தோட்டத்தின் நடுவில் தெக்லா குடியிருக்கும் சிறு வீடு. விட்டுக்கொடு என்று கிளெமென்ஸ் கேட்டான், அவள் மாட்டேன் என்றாள். வாழ்நாளில் அவள் அவனுக்கு மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வேலிக்கு வெளியே தலையில் ஆரஞ்சுச் சாயம் பூசிய நில அளவைக் குச்சிகள் முளைத்தன. வாரத்துக்கு வாரம் அவை கிட்டே வந்தன. அஸ்திவாரக் குழியை உலர வைக்க இரவு பகலாக ஓடிய பம்பு அவளுடைய கிணற்றையும் சேர்த்து உறிஞ்சியது. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின.

இப்போது அன்பு கரைபுரண்டு ஓடியது. கிளெமென்ஸ் குளிருக்கு விறகு வெட்டி அவள் வாசலில் அடுக்கினான். ரோஸ்விதா துணிக்கடைப் புத்தகத்தைக் கொண்டுவந்து, சாம்பல் நிறம் உனக்கு எடுப்பாக இருக்கும் என்றாள். லூட்கர் ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் வந்தார். சமையலறைக் குழாயைச் சரிசெய்தார், உருளைக்கிழங்கு சூப் குடித்தார், பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. நவம்பரில் ஒரு நாள், கட்டிக்கலாமா என்று கேட்டார். தெக்லாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு சந்தோஷமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. சரி என்று சொல்லி, பதிவு அலுவலகத்தில் பெயரும் கொடுத்தார்கள். ஆனால் ராத்திரி படுத்தால், அந்தக் கோப்பைகளை ஏன் எடுத்தார்கள் என்ற கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

பதில் லூட்கரின் வாயிலிருந்தே வந்தது, அதுவும் கள்ளமில்லாமல். அடுத்த சனிக்கிழமை, சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே சொன்னார்.

"உன் தம்பி நெஜமாவே மாறிட்டான் தெக்லா. புது விடுதியில எனக்குப் பராமரிப்பு வேலை வாங்கித் தரேங்கறான். கல்யாணத்தை மட்டும் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி முடிச்சிடணுமாம்."

"அதென்ன கிறிஸ்துமஸுக்கு முன்னாடி?"

"ஜனவரியில ரெண்டாவது விடுதிக்கு அஸ்திவாரம் தோண்டறாங்கள்ல..."

சொல்லி முடித்த பிறகுதான் கல்யாணத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கே உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்தார்.

தெக்லா எழுந்து போய், துணி அலமாரியின் அடித்தட்டிலிருந்து பத்திரத்தை எடுத்து வந்தாள். அப்பா பண்ணையை எழுதி வைத்த நாளில் வக்கீல் அதை மளமளவென்று படித்தார், அவள் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு பிரிக்கவே இல்லை. ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. மகள் தெக்லா, கல்யாணம் ஆகாமல் இருக்கும் வரை, பழத்தோட்டத்துச் சிறு வீட்டில் குடியிருக்கலாம். அதுவரை அந்த வீட்டை விற்கவோ இடிக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. பாசத்தில் எழுதியதா அது? கல்யாணம் ஆகாத மகள் பண்ணைக்கு உழைப்பாள், ஆனவள் இன்னொருவன் வீட்டுச் சொத்து. அவ்வளவுதான் கணக்கு. அவளுக்குக் கல்யாணம் ஆகக்கூடாது என்று இருபத்தெட்டு வருஷம் காவல் காத்தவர்கள், இப்போது ஆகியே தீரவேண்டும் என்று அவளுக்கு மாப்பிள்ளை பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்!

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"சத்தியமா தெரியாது." அவர் முகம் வெளுத்திருந்தது. "நான் போயிடட்டுமா? இல்ல, என் வீட்டுக்கு வந்துடறியா? ரெண்டே ரூம்தான், வாடகை வீடு."

"நான் கெளம்பின மறுநாளே இதை இடிச்சிடுவான். இத்தனை வருஷம் மாடா ஒழைச்சதுக்கு என் பேர்ல எழுதினது இது ஒண்ணுதான்."

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மலிவு விடுதியில் தப்பில்லை, நாலு பிள்ளைகளோடு வருகிறவன் எங்கே போய்த் தங்குவான் என்று முணுமுணுத்தார். அதுவும் உண்மைதான். தெக்லா வெகுநேரம் அழுதாள். வீட்டை வைத்துக்கொண்டால் மனுஷன் இல்லை, மனுஷனைக் கட்டிக்கொண்டால் வீடு இல்லை. அப்பா செத்துப் பதினாறு வருஷம் ஆகியும் அந்த ஒரு வரி அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, லூட்கரிடம் தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டாள். அவருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை பெண் வீட்டு வாசலுக்கு அக்கம்பக்கத்தார் பச்சை மாலை கட்டுவது அந்த ஊர் வழக்கம். தேவதாரு இலையில் திரித்த தடிமனான மாலை, அதில் வெள்ளைக் காகித ரோஜாக்கள். அடுத்த வீட்டு இர்ம்கார்டின் தலைமையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏணியும் சாராயப் பாட்டிலுமாக வந்து நின்றார்கள். முன்னால் கிளெமென்ஸும் ரோஸ்விதாவும் சிரித்த முகமாக நின்றார்கள். அவர்களோடு பூங்கா அலுவலகத்து இளைஞன் ஒருவன், பளபளக்கும் பூட்சும் பூங்கொத்துமாக வந்திருந்தான். வாழ்த்துச் சொல்ல வந்தவன் சுவரையும் கூரையையும் கண்ணால் அளந்துகொண்டிருந்தான். வேலிக்கு அந்தப்புறம் மண்வாரி இயந்திரம் ஒன்று முதல் நாளே வந்து காத்திருந்தது.

தெக்லா வாசலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் லூட்கர், கக்கத்தில் தலையணையும் கையில் பெட்டியுமாக, அப்போதுதான் வந்து இறங்கியவராக நின்றார்.

"இவ்வளவு தூரம் வந்ததுக்கு எல்லாருக்கும் நன்றி," என்றாள். "கல்யாணம் இல்ல. நேத்துப் போய்ப் பேரைத் திருப்பி வாங்கிட்டோம். இன்னையிலேருந்து லூட்கர் என்னோட இங்கதான் இருப்பார்."

முதலில் ரோஸ்விதாவுக்குத்தான் வாய் வந்தது.

"தேவாலயம், மோதிரம் ஒண்ணும் இல்லாமலா? ஊர் காறித் துப்பும். பாதர் மொகத்துல எப்படி முழிக்கறது?"

கிளெமென்ஸின் கழுத்து நரம்பு புடைத்தது. "அப்பா இருந்திருந்தா ஒன்னை இந்த வாசல்ல நிக்க விட்டிருப்பாரா?"

"அப்பா எழுதின மாதிரியேதான்டா நடக்கறேன்," என்றாள் தெக்லா. "கல்யாணம் ஆகாத வரைக்கும் வீடு எனக்குன்னு எழுதினாரு. ஆகாமலே இருந்துட்டுப் போறேன்."

பூங்கா அலுவலகத்து இளைஞன் பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் நழுவினார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நாளைப் பூசையில் தெக்லாவின் பக்கத்தில் யாரும் உட்காரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இர்ம்கார்ட் மட்டும் மாலையின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அவளும் பண்ணை வீட்டில் பிறந்தவள்தான். பண்ணை தம்பிக்குப் போக, ஒரு தையல் மெஷினோடு கட்டிக்கொடுக்கப்பட்டவள். அவள் கணவனிடம் ஏணியைச் சாத்தச் சொன்னாள். அவர் தயங்கினார். அவளே சாத்தி, அவளே ஏறி, மாலையை நிலைக்கு மேலே இரண்டு ஆணியில் மாட்டினாள்.

"அதை அவுத்து எறிங்க," என்று கத்தினான் கிளெமென்ஸ்.

இர்ம்கார்ட் கீழே இறங்கி, ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.