சக்கரத்துக்கு வைத்த கல்

அலுமினியப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைச் சந்தைகளுக்குப் போகிறவர்கள் நாங்கள். படுக்கையும் அந்த வேனிலேயேதான். போன மார்கழிக் குளிர் என் நெஞ்சைப் பிடித்தது. தை பிறந்தும் இருமல் விடவில்லை.

"வண்டிக்குள்ள சூடு இருந்தா வா கண்ணகி. இல்லன்னா இந்த வருசம் நான் மட்டும் போறேன்" என்றுவிட்டார் என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன். எனக்கு ஆத்திரம். வீட்டில் தனியாக உட்கார்ந்து யாரோடு சண்டை போடுவது?

கள்ளக்குறிச்சியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைக்காரர் கரண்ட் ஹீட்டரைக் காட்டினார்.

"மலையில வண்டி நிக்கிற எடத்துல கரண்ட்டு ஏதுங்க?" என்றேன்.

மண்ணெண்ணெய் ஹீட்டரைப் பற்றவைத்ததும் கடையிலேயே இருமினேன். கடைசியில் இவர் ஒரு மண்சட்டியும் கரியும் வாங்கினார். பிள்ளை பெற்றவள் கட்டிலுக்கடியில் வைப்பார்களே, அந்தக் கணப்பு. அதை எனக்கு வைக்கும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அதனால் வேண்டாமென்று சொல்ல மனசு வரவில்லை.

வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சரிவில் வண்டியை நிறுத்தினோம். அடுப்புக்கு மூன்றாவது கல் கிடைக்கவில்லை. சக்கரத்துக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, வழக்கமாக அங்கே வைக்கும் கருங்கல்லை எடுத்து வந்தார்.

அந்தக் கல் லேசுப்பட்டதல்ல. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தபோது தியாகதுருகம் ரோட்டில் இவர் உருட்டிப் போட்டது. "இதுல நமக்கு இன்னா கெடைக்கப் போவுது?" என்று அப்போது கேட்டேன். "ஊருப் புள்ளைங்க படிக்கும், வேலைக்குப் போவும்" என்றார். எங்களுக்கென்று ஒரு பிள்ளை இல்லாததை இருவருமே சொல்லவில்லை. மறியல் முடிந்ததும் தன் வண்டிக்கு வழியில்லாமல் தானே அதைத் தூக்கி வேனுக்குள் போட்டுக்கொண்டதுதான் வேடிக்கை.

சாப்பிட்டதும் கணப்பை உள்ளே வைத்து, கதவிடுக்கெல்லாம் சாக்கை அடைத்தார். ஓட்டு வீட்டில் காற்றுக்குச் சந்து உண்டு, வேனில் ஏது? புகையே தெரியவில்லை, ஆனால் தலை கிறுகிறுத்தது. அவருக்கு நாக்கு குழறியது. எட்டி உதைத்துக் கதவைத் திறந்தேன். சட்டியை வெளியே வீசினேன்.

"உன்னக் கொன்னுருப்பேனே" என்று நடுங்கினார். "விடிஞ்சதும் வூட்டுல வுட்டுடுறேன்."

எனக்கும் அழுகை வந்தது. முகத்தைக் காட்டாமல் அடுப்பை ஒதுங்கவைக்கப் போனேன். நெருப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது, ஆனால் அந்தக் கல் மட்டும் கையைச் சுட்டது. சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவே கால்மாட்டில் வைத்தேன். கதவை ஒரு விரல்கடை திறந்தே விட்டோம்.

விடியும்போது கல்லில் இன்னும் இளஞ்சூடு இருந்தது. நான் ஒரு தரமும் இருமவில்லை. அவர் சாக்கைத் தடவிக்கொண்டே, "இன்னா கெடைக்கும்னு கேட்டியே" என்றார்.

"சந்தைக்கு நேரமாவுது. வண்டிய எடுங்க" என்றேன்.