மாவு மில் காட்சி

என் அப்பா ஒளிப்பதிவு செய்த கறுப்பு வெள்ளைப் படத்தை என் மாப்பிள்ளை டிஜிட்டலில் புதுப்பித்துக்கொண்டிருந்தார். புதுப் பிரதி திரையரங்குக்குப் போகுமுன் குடும்பத்தின் சார்பில் நான் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்க்க வைத்தவளே நான்தான். வீட்டு மனிதரிடம் ஒப்பந்தமா என்று மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வீட்டு மனிதர் என்பதால்தான் என்றேன்.

அவருடைய வேலை அறை ஐஸ் பெட்டி மாதிரி குளிர்ந்தது. மகளும் அங்கே இருந்தாள். மாப்பிள்ளை எனக்குச் சாய்வு நாற்காலியைக் காட்டினார். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

படம் பளிச்சென்று இருந்தது. கீறல் இல்லை, நடுக்கம் இல்லை. கதாநாயகியின் புருவத்தை முடி முடியாகப் பார்க்க முடிந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். அப்பாவே இவ்வளவு தெளிவாகத் தம் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். மாப்பிள்ளை ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாவு மில் காட்சி வந்தது. உயரத்து ஜன்னலிலிருந்து வெயில் சாய்ந்து விழும். கணவனை விட்டுப் போகிறேன் என்று கதாநாயகி சொல்வாள். வெயில் இருந்தது. வெயிலுக்குள் ஒன்றுமே இல்லை.

“நிறுத்துங்க மாப்பிள்ளை. மாவு எங்க?”

“எந்த மாவு, அத்தை?”

“வெயில்ல மிதக்குமே, அது.”

அவர் பழைய பதிவைத் திறந்து பார்த்தார். கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

“சாஃப்ட்வேர் அழுக்குன்னு நெனச்சு தொடச்சிருக்கு. ஃபிலிம்ல ஒட்டின தூசியும் காத்துல பறக்குற மாவும் அதுக்கு ஒண்ணுதான்.”

“அதுக்கு ஒண்ணுதான். உங்களுக்கு?”

“மாட்டினீங்களா?” என்றாள் மகள், புருஷனைப் பார்த்து.

அந்தப் படப்பிடிப்பில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் காலி மாவுச் சாக்கை அடித்துப் பறக்கவிட்டவள் நான். கணவன் கத்தும்போது மாவு சுழலும். அவள் பேசி முடிக்கையில் அடங்கியிருக்கும். அந்த அடக்கத்துக்காகவே அப்பா திரும்பத் திரும்ப எடுத்தார்.

“அதைக் கொண்டுவந்தா புள்ளி புள்ளியா தெரியும், அத்தை. இப்ப பாக்குறவங்க படமே அழுக்குன்னுவாங்க. என் லேப் பேரு கெடும்.”

“உங்க லேப் பேரு கடைசியில வருது. எங்க அப்பா பேரு முதல்ல வருது. மாவு இல்லாம இது அவர் எடுத்த காட்சி இல்ல. அப்படியே விடுறதா இருந்தா, அவர் பேரை எடுத்துடுங்க. நான் சம்மதம் தர மாட்டேன்.”

“கோபப்படாதீங்க. உங்களுக்காகவே ஒண்ணு வச்சிருக்கேன்.”

இடது மூலையைப் பெரிதாக்கினார். பழைய பிரதிகளில் அங்கே கும்மிருட்டு. நெகட்டிவில் புதைந்திருந்ததை இவர் வெளிச்சமாக்கியிருந்தார். சாக்கைப் பிடித்தபடி ஒரு கை.

மகள் எழுந்து திரையருகே போனாள். “அம்மா, இது உன் வாட்ச். தாத்தா படம் எதுலயும் நீ இல்லன்னு சொல்லுவியே. இது இருக்கட்டும்மா.”

கொஞ்ச நேரம் பார்த்தேன். சுருக்கம் விழாத கை. ‘அங்கயே நில்லு, இருட்டு உன்னை முழுங்கிடும்’ என்று அன்றைக்குக் கேமராவுக்குப் பின்னாலிருந்து அப்பா சொன்னார். ஃபிலிம் எதை விழுங்கும், எதை விழுங்காது என்று தெரிந்துதான் அங்கே நிறுத்தினார். இனிப் பார்க்கிறவன், ஃபிரேமுக்குள் ஆள் நிற்பதுகூடத் தெரியாத கேமராமேன் என்பான்.

“மூலையை இருட்டாக்குங்க.”

“அம்மா.”

“உனக்கு வேணும்னா அந்தக் கையை பிரேம் போட்டு வீட்டுல மாட்டிக்க. அவர் படத்துல வேண்டாம்.”

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். “மூலை ஒரு நிமிஷ வேலை. மாவுதான் கஷ்டம். எது அழுக்கு, எது மாவுன்னு ஒவ்வொரு ஃபிரேமா கண்ணால பாத்துப் பிரிக்கணும். உக்காந்து உக்காந்து முதுகு போயிடும், அத்தை.”

“என் முதுகுக்கு ஒண்ணும் ஆகாது. ஆரம்பிங்க.”

முதலில் மூலை இருண்டது. சாக்கு போனது, விரல்கள் போயின, கடைசியாக வாட்ச். மகள் மூக்கை உறிஞ்சினாள். நான் ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். துடைக்காத பழைய பதிவைப் போட்டார். வெயில் முழுக்க இப்போது புள்ளிகள்.

“இது?” என்றார் மாப்பிள்ளை.

“அடுத்த ஃபிரேமைக் காட்டுங்க. அழுக்குன்னா இந்த ஒரு ஃபிரேமோட போயிடும்.”

காட்டினார். புள்ளி கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

“மாவு. தொடாதீங்க.”