அடுப்படியில் மூன்றாவது ஜோடி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. கண்ணால் பார்த்தது, அதுவும் அரைகுறையாகப் பார்த்தது. குளிர்காலம் முடிகிற சமயம், மலைமேல் ஒரு தனி விடுதி, விடாத மழை. கீழே மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. என்னைத் தவிர வேறு யாரும் தங்கவில்லை என்றார் விடுதியை நடத்துகிற அக்கா.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலையை மேகம் போர்த்தியிருந்தது. அதன் மடியில் ஒரு…"

(வேண்டாம். கதைகளில் மேகத்துக்குப் போர்த்துவதைத் தவிர வேறு வேலையே இல்லை.)

2

அங்கே ஒரு வழக்கம். வாசலில் கழற்றிய ஈர ஷூவை அக்கா உடனே எடுத்துப்போய், உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, அடுப்படியில் வரிசையாக வைத்துவிடுவார். யாரையும் கேட்கமாட்டார். காலையில் வெந்நீர் வாங்கப் போனபோது அங்கே மூன்று ஜோடி இருந்தன. ஒன்று என்னுடையது, ஒன்று அக்காவுடையது. மூன்றாவது சின்னப் பாதங்களுக்கானது, நீலம்.

"இது யாரோடதுக்கா?"

"அதுவா? பழசு. யாரோ விட்டுட்டுப் போனது."

யாரோ விட்டுப்போன பழசிலிருந்து தண்ணீர் சொட்டுமா? சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கொஞ்ச நேரத்தில் அக்கா ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மேலே யாரோ மெல்ல நடந்தார்கள். இந்த அம்மா எதையோ மறைக்கிறார், ஆள் சரியில்லை என்று முடிவுகட்டினேன்.

(இந்த இடத்தில் அக்காவை வில்லியாக்கி இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன்.)

3

மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். மழைக்கோட்டில் ஓர் ஆள். மண்சரிவைத் தாண்டி நடந்தே வந்திருந்தார்.

"என் வொய்ஃப் இந்தப் பக்கம் வந்தாங்களா? சின்னச் சண்டை. கோவிச்சுக்கிட்டாங்க."

சின்னச் சண்டைக்கு யாரும் இந்த மழையில் மலையேறி ஓடிவரமாட்டார்கள்.

"யாரும் வரலையே தம்பி," என்றார் அக்கா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பேச்சோடு பேச்சாகக் குனிந்து, வந்தவர் கழற்றிய ஷூவை எடுத்துக்கொண்டு அடுப்படிக் கதவைத் திறந்துவிட்டார். பழகின கை. ஒரு பெண்ணையே மறைத்தவர் அவள் ஷூவை மறந்துபோனார். அந்த ஆளின் பார்வை நேராக வரிசையில் போய் நின்றது.

அக்கா என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. காலையிலிருந்து தப்பான ஆளைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

"அந்த நீலம் என்னோடது," என்றேன்.

அந்த ஆள் சிரித்தார். மிக மரியாதையான சிரிப்பு.

"உங்க காலுக்குச் சின்னதா இருக்கும்போல இருக்கே. போட்டுக் காட்டுங்களேன், மேடம்."

[முடிவு அ: மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைத் திணித்தேன், நுழைந்துவிட்டது. அவரும் நம்பிப் போய்விட்டார். (என் வீட்டிலேயே இதை யாரும் நம்பவில்லை.)]

[முடிவு ஆ: மாடியில் ஓர் இருமல் கேட்டது. அவர் படியை நோக்கி…]

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

4

முடிவை மட்டும் நிறுத்திவைத்து, இதன் முதல் வடிவத்தை ஒரு சிறிய கூட்டத்தில் வாசித்தேன். கலைகிற நேரத்தில் ஒருவர் பக்கத்தில் வந்தார். மழைக்கோட்டு ஆள் அல்ல, முகம் வேறு.

"நல்லா இருந்துச்சு மேடம். அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். நானும் சிரித்துவைத்தேன்.

"இன்னும் அங்கதான் இருக்காங்களா?"

கதைப் பெண்ணைப் பற்றி யாராவது இப்படிக் கேட்பார்களா? வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மாற்றினேன். நிறத்தை, மாடியை, அக்காவின் வயதை.*

* மழையையும் எடுத்துவிடப் பார்த்தேன். மழை இல்லாமல் ஷூ எப்படி நனையும்?

5

நடந்தது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். இதுவரை பொறுமையாக வாசித்த உங்களையும் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். முன்பின் தெரியாதவர்களை நம்பி எழுதுவது பெரிய தைரியம் என்று இப்போதுதான் உறைக்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் வெறும் வாசகர் என்றால் முடிவு உங்களுடையது. எந்தப் பாதையில் வேண்டுமானாலும் அவளை இறக்கிவிடுங்கள், பத்திரமாகப் போய்ச் சேரட்டும்.

நீங்கள் அவராக இருந்தால், அவள் அங்கே இல்லை.