இரண்டு முறை அழுத்துகிறவர்

1.

இந்தக் கதை எனக்குப் போடிநாயக்கனூர் ரயில் நிலையத்தில் கிடைத்தது. கிடைத்தது என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறேன். பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் போனில் பேசியதை ஒட்டுக்கேட்டேன் என்பதுதான் நிஜம்.

"அது எங்கப்பாண்ணே. அந்த ஒரு வரிய மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க."

மதுரை வண்டிக்கு நேரம் இருந்தது. ஒரு வரிக்குள் ஒருத்தியின் அப்பா எப்படிப் போய் உட்கார்ந்தார் என்று தெரியாமல் வண்டி ஏற எனக்கு மனசு வரவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அம்மாவை வண்டி ஏற்றிவிட வந்திருந்த அந்தப் பெண், கோபப்படாமல் சொன்னாள். எழுதுவதானால் பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள். அவளுக்கு சுஜிதா என்றும், அம்மாவுக்கு மகாராணி என்றும், அந்த வரிக்குள் இருக்கிறவருக்குச் சின்னச்சாமி என்றும் வைத்திருக்கிறேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஏலக்காய் மணக்கும் போடியில் ஒரு காலை வேளை, சுஜிதா தன்" (நிறுத்திவிட்டேன். போடியைப் பற்றி எழுதுகிற எல்லாருமே மூக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.)

பிறகு இப்படி: "சுமைச் சோதனை எனப்படுவது யாதெனில்" (இதற்கு நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். நானே மூடினேன்.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். சுஜிதா வேலை பார்க்கும் கம்பெனி ஏலக்காய் ஏலத்துக்கு ஒரு புது வலைத்தளம் செய்கிறது. வியாபாரிகள் எந்த ஊரில் இருந்தபடியும் விலை கேட்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் தளம் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது சுஜிதாவின் பொறுப்பு. அதற்கென்று ஒரு சோதனைக் கருவி வைத்திருக்கிறாள். அது ஆயிரம் பொய் ஆட்களை உண்டாக்கி சர்வரிடம் அனுப்பும். ஆனால் அந்த ஆட்களுக்குக் கண்ணும் இல்லை, விரலும் இல்லை. சர்வரின் வாசலில் நின்று "இந்தா என் விலை" என்று சொல்லிவிட்டு, பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். திரையில் பொத்தான் எப்போது வந்தது, எப்போது மறைந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது.

அதனால் சுஜிதா அந்தக் கருவியோடு எக்ஸ்டென்ஷன் என்கிற ஒரு துணை நிரலைச் சேர்த்தாள். சேர்த்ததும் கருவி நிஜமான பிரவுசரையே திறந்தது. பக்கத்தை வரவழைத்தது, பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்தது, மனிதர் மாதிரி அழுத்தியது. பிரவுசர் கம்ப்யூட்டரின் மூச்சை வாங்கிவிடும் என்பதால் ஆயிரம் பேருக்கும் அதைக் கொடுக்க முடியாது. கண்ணில்லாத ஆயிரம் பேர் கூட்டத்துக்கு நடுவில் கண்ணும் விரலும் உள்ள பத்துப் பேர்.

(இதை எனக்குப் புரியவைக்க அவள் இரண்டு தடவை முதலிலிருந்து வரவேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரே தடவையில் புரிந்திருந்தால் அந்தப் பெருமை எனக்கு.)

3.

பொய் ஆளுக்கும் ஒரு நடத்தையை எழுதித் தர வேண்டும். கம்பெனி தந்த மாதிரி நடத்தை சுலபமானது: பக்கம் வரட்டும், சற்று நிற்கட்டும், பொத்தானை அழுத்தட்டும். எழுதிவிட்டுப் பார்த்த சுஜிதாவுக்குச் சிரிப்பு வந்தது. இப்படிச் சாதுவாக ஏலம் எடுக்கிற ஆளை அவள் பார்த்ததே இல்லை.

அவள் பார்த்த ஆள் அப்பா. ஒரு மொத்த வியாபாரிக்காக ஏலக்கூடத்தில் விலை கேட்பதுதான் சின்னச்சாமிக்கு வாழ்நாள் வேலை. பள்ளிக்கூட லீவில் மகளையும் கூட்டிப்போவார். மாதிரிக் காய் வந்ததும் உள்ளங்கையில் கொட்டி, ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் பிளந்து, உள்ளே அரிசி, அதாவது விதை, கருத்திருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்த காயெல்லாம் சட்டைப்பைக்குள் போகும். அந்தப் பையிலிருந்து எடுத்துத் தின்றபடி, விலை ஏறுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாள் சுஜிதா. மேலே மலையிலிருந்து மூட்டையோடு வரும் ஜீப்புகள், "அண்ணே, சேட்டா" என்று கலந்தடிக்கும் பேச்சு, ஏலம் விடுகிறவரின் கட்டைக்குரல். அந்த மத்தியானங்களில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

குரலில் ஏலம் நடந்த காலத்தில் அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விலையை இரண்டு முறை சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்னதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

"எதுக்குப்பா ரெண்டு தடவ?"

"ஒருதடவ நமக்கு ஆத்தா. இன்னொருதடவ எதுத்தாப்ல உக்காந்திருக்கானே, அவனுக்கு."

பிறகு மேசைக்கு மேசை மெஷின் வந்தது. வாய்க்கு வேலை போய் விரலுக்கு வந்தது. சின்னச்சாமி பொத்தானையும் இரண்டு முறை அழுத்தினார். இரண்டாவது அழுத்தலை அந்தப் பழைய மெஷின் சட்டை செய்யாது. அதனால் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை, அவரைத் திருத்தவும் இல்லை. அவர் போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன.

நடத்தை எழுதிய அன்றைக்கு சுஜிதாவுக்கு அப்பாவை ரொம்பத் தேடியது. சோதனைக்காக இல்லை, ஆசைக்காகத்தான், அழுத்து என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள்: மறுபடி அழுத்து. கருவியை ஓட்டினாள். திரையில் பத்துப் பிரவுசர்கள் திறந்தன. பத்து சின்னச்சாமிகள் மேசையில் வந்து உட்கார்ந்து, டக் டக்கென்று விலை கேட்டார்கள். அவள் மோவாயில் கை வைத்து, சின்னப் பிள்ளையாட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4.

(இத்தோடு முடித்திருந்தால் நல்ல, சாதுவான கதை. ஆனால் கருவி ஒரு முடிவைச் சொல்லிவிட்டது.)

பத்து அப்பாக்களும் தங்களோடு தாங்களே போட்டி போட்டிருந்தார்கள். ஒருவர் விலை கேட்டவுடன் அவருக்கு மட்டும் பொத்தான் அணைந்துவிட வேண்டும். கூட்டம் இல்லாதபோது அணைந்தது. ஆயிரம் பேர் நெருக்கும்போது திரை மெதுவானது, அணைவதற்கு முன்பே இரண்டாவது அழுத்தல் விழுந்தது. தளம் அதை அடுத்த விலையாக எடுத்துக்கொண்டது. வேறு யாருமே கேட்காத விலைக்கு அவர்களே ஏறிப்போனார்கள்.

அந்தப் பக்கத்தை எழுதியவன் ராம்பிரசாத். அவனும் போடிக்காரன், இப்போது கொச்சியில் இருக்கிறான், இவளுக்கு மேல் அதிகாரி. வியாழக்கிழமை தளத்தின் திறப்பு விழா. அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது. ரயில் நிலையத்தில் நான் கேட்டது அவனோடு நடந்த பேச்சுத்தான்.

"பட்டன் அணையிறதுதான லேட்டு? இந்தக் காலத்துல யாரு சுஜி ரெண்டு தடவ அமுக்குறா?"

"எங்கப்பா அமுக்குவாருண்ணே."

"உங்கப்பா இப்ப இல்லல்ல." சொன்ன பிறகு அவனுக்கே சங்கடமாகிப்போனது. "கோவிச்சுக்காத. இருக்கிற ஆளுக்குத்தான தளம்? ஒரே ஒரு ஆளக் காட்டு, விழாவையே நிப்பாட்டிர்றேன். இல்லேன்னா அந்த வரிய எடுத்துட்டு, டெஸ்ட் பாஸ்னு எழுதிரு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளை உறுத்தியது அதுதான்.

5.

"வண்டி வந்துருச்சு, வெரசா அந்தப் பையக் கொண்டா" என்று மகாராணி எழுந்தார். நானும் அதே பெட்டியில் ஏறிக்கொண்டேன். சுஜிதா ஜன்னலுக்கு வெளியே நின்று, புதன்கிழமை ஏலக்கூடத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பார்க்கப்போவதாகச் சொன்னாள். எனக்கு அவ்வளவுதான் தெரியும். அவள் பிறகு என்ன பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. நம்பர் கேட்டிருக்கலாம்.

மகாராணியிடம், சின்னச்சாமி எப்படிப்பட்ட மனுஷர் என்று கேட்டேன்.

"எதையும் ரெண்டு மட்டம் சொல்ற மனுசன். சோறு வையி, சோறு வையின்னுதான் வருவாரு. அப்பல்லாம் எனக்குக் காதடைக்கும்." ஆண்டிபட்டி வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப வீட்டுல எல்லாத்தையும் ஒரு மட்டந்தான் சொல்றாக" என்றார்.

(என் முதல் வரைவில் சின்னச்சாமியை உயிரோடு வைத்திருந்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். அவர் இருந்தால் ராம்பிரசாத்துக்குக் காட்ட ஆள் கிடைத்துவிடும், கதை படுத்துவிடும். அதனால் எடுத்தேன். எடுத்த பக்கத்தைக் கிழித்துப்போடாமல் மடித்து வைத்துக்கொண்டேன். அவள் எதை எடுக்க மாட்டேன் என்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது.)

6.

இனி வருவது என் கற்பனை. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. கூடத்தில் எல்லாரும் ஒரே முறைதான் அழுத்துகிறார்கள். சுஜிதா வீட்டுக்கு வந்து வரியை எடுக்கிறாள். (எழுத முடிந்தது. திருப்பிப் படிக்க முடியவில்லை.)

இரண்டு. சின்னச்சாமிக்குப் பக்கத்து மேசையில் காலமெல்லாம் உட்கார்ந்த மொக்கச்சாமி இரண்டு முறை அழுத்துகிறார். விழா நிற்கிறது, கண்ணீர், சுபம். (எனக்கு இவ்வளவு வசதியாக எது வந்தாலும் சந்தேகம்.)

மூன்று. அவள் மொக்கச்சாமியிடம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறாள். "இதுக்குப் போயி கலங்குவியா ஆத்தா? சின்னச்சாமிக்காக அமுக்கிட்டாப் போச்சு" என்று அவர் இரண்டு முறை அழுத்திக் காட்டுகிறார். (அது பிரியம். ராம்பிரசாத் கேட்டது சாட்சி. அவளுக்கும் அந்த வித்தியாசம் தெரியும்.)

ஆகவே அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். புதன்கிழமை. கூடத்தில் மேசைகள் நிரம்பிவிட்டன. "சின்னச்சாமி மகதான? நல்லாருக்கியாத்தா?" என்று கேட்டுவிட்டு மொக்கச்சாமி தன் இடத்தில் போய் உட்கார்கிறார். மாதிரிக் காய் வருகிறது. பார்க்கிறார், முகர்கிறார். சுவரில் பெரிய திரையில் விலை ஏறுகிறது. அவர் விரலைக் கொண்டுபோய் ஒரு முறை அழுத்துகிறார்.

விரல் பொத்தானை விட்டு மேலே எழும்புகிறது.

சுஜிதா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஒரு தப்பு நடக்க வேண்டுமே என்று சாமி கும்பிடுகிற முதல் சோதனைக்காரி அவளாகத்தான் இருப்பாள். அந்த விரல் மடங்கிச் சட்டைப்பைக்குப் போனால் அவள் அப்பா இந்தக் கூடத்தில் எங்கேயும் இல்லை. எனக்கு அதை இறக்கத் துணிச்சல் இல்லை, மடக்கவும் மனசு வரவில்லை. நான் கையை எடுத்துக்கொள்கிறேன். விரல் இன்னும் மேலேதான் இருக்கிறது, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இனி நீங்கள்தான் அழுத்த வேண்டும்.