இடம் விடுங்க, மாமா

என் அக்கா பொம்மலாட்டக்காரி. முதன்முதலாகப் பெரிய அரங்கம், பார்க்க ஒரு பள்ளிக்கூடமே திரண்டு வருகிறது. அன்றைக்கென்று பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டு, பேச்சே வரவில்லை அவளுக்கு. நல்ல வேளை, ஒத்திகையில் அவள் குரலை நான் பதிவு செய்திருந்தேன். அதைப் போட்டுவிட்டால் யானைப் பொம்மையை அவள் ஆட்டிக்கொள்வாள். போட வேண்டியவர் அவள் கணவர். அதுதான் சிக்கல்.

கணினி என்னுடைய பழசு. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால்தான் கேட்கும். மாமாவுக்கு ஒரே ஒரு வரியை வீட்டிலேயே மனப்பாடம் செய்வித்திருந்தேன்: நிற்கிற ‘ஆட்டம்’ ஃபோல்டரிலிருந்து ஒரு படி மேலே ஏறி, அங்கிருக்கும் ‘குரல்’ ஃபோல்டருக்குள் போய் யானையைப் பேச வை. அவ்வளவுதான்.

ஆபீஸில் என் போன் அடித்தது.

“குட்டி, அப்படி ஒரு ஃபைலே இல்லங்குது! பசங்க கத்த ஆரம்பிச்சுட்டாங்க!”

“நேத்து ஓடிச்சே! இப்ப எங்க நிக்கிறீங்க?”

“திரைக்குப் பின்னாடி, ஸ்டூல் பக்கத்துல.”

“ஐயோ! கம்ப்யூட்டர்ல எந்த ஃபோல்டர்ல நிக்கிறீங்க?”

“படம்னு போட்டிருக்கு.”

பின்னணிப் படம் தேடி, மனுஷன் ‘ஆட்டம்’ ஃபோல்டருக்குள்ளே இன்னொரு படி இறங்கியிருக்கிறார். அங்கிருந்து ஒரு படி ஏறினால் ‘ஆட்டம்’தான் வரும். ‘குரல்’ அதற்கு வெளியே, பக்கத்தில் இருக்கிறது. நிற்கிற இடத்தை மாற்றிவிட்டு வழியைத் திட்டி என்ன செய்ய?

“ஒரு படி மேல ஏறணும். சி, டின்னு ரெண்டு எழுத்து தட்டுங்க. இடம் விடுங்க. ரெண்டு புள்ளி வைங்க.”

“ஏம்மா, யானையோட கொஞ்சம் தள்ளிக்கோ, இடம் விடணுமாம்!” ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “மாமா! ஸ்பேஸ் பார்!”

“அதை முதல்லயே தமிழ்ல சொல்றதுக்கென்ன?”

தட்டினார். ‘ஆட்டம்’ வந்தது. பிறகு மனப்பாட வரி.

“யாருடா என் தும்மலைத் திருடினது?” என்று அக்கா குரலில் யானை அதட்டியது. அரங்கமே அதிர்ந்தது. நான் நாற்காலியை விட்டுத் துள்ளினேன். மேனேஜர் முறைத்தார், முறைக்கட்டும். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

போனை வைக்க மனசில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசிக் காட்சியில் யானை திடீரென்று, “ஏய், சிரிக்காதடி கழுதை, ரெக்கார்ட் ஆகுதுல்ல!” என்றது. போச்சு! ஒத்திகையில் அவள் என்னைத் திட்டியதை நான் வெட்டவே இல்லை. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் போனே கரகரத்தது.

மாமா கிசுகிசுத்தார்: “குட்டி, உன் அக்கா அழறா.”

“ஐயையோ, என் மேல கோபமா?”

“இரு இரு… இல்ல, சிரிக்கிறா. சத்தம் வரல பாரு, வித்தியாசம் தெரியல!”